செல்லிக்குக் கண் கட்டிய சீலை

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு ஓடுகிறது, ஆபீசில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், கதவில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதுவரைக்கும் படித்துவிட்டு எதிர்வீட்டுச் சரசுவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை உரக்கப் படித்தேன். "உங்க பேத்தி நடக்கறதுக்கு முன்னாடியே நீங்க பறக்கறீங்களே அக்கா" என்றாள். பறக்காமல் என்ன செய்வேன். அஞ்சாவது படித்தவளுடைய மகன் கால்நடை டாக்டர். பேத்தி நடக்கிறாள் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்து வரியைச் சரசுவுக்குப் படிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அந்தப் பத்து வரியை நீ மறந்திருக்கமாட்டாய். சத்தியமங்கலத்தில் கறிக்கடை வைத்திருப்பவர்களில் அப்பாஸ் பாயும் ஒருவர், நம் குதிரை செல்லியை அறுத்த அதே ஆள் என்று எழுதியிருக்கிறாய். உரிமம் புதுப்பிக்க மனு கொடுத்துவிட்டு உன் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். குதிரையை அறுத்துச் சிறைக்குப் போனவர், இவருக்குப் பரிந்துரை செய்ய முடியாது என்று குறிப்பு எழுதித் திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போகிறாயாம். 'அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்' என்று முடித்திருக்கிறாய். கண்ணு, அந்தக் கையெழுத்தைப் போடாதே. தபாலில் விட்டால் திங்கட்கிழமை தாண்டிவிடும் என்றுதான் உன் மச்சான் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. மருமகளும் படிக்கட்டும். உன் அக்காவுக்கும் மச்சானுக்கும் நான் வாயால் சொல்லிவிட்டேன். இனி ஒளித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் ஏன் அஞ்சாவதோடு நின்றேன் என்று நீ சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறாய். உங்கள் தாத்தாவுக்கு வசதி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பண்ணையக்காரர் வீட்டு மாடு செத்தால் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்குக் கிடையாது. இழுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே உரிக்க வேண்டும். தோல் அவர்களுக்கு, கறி எங்களுக்கு. நான் அஞ்சாவது முழுப்பரீட்சை எழுத வேண்டிய நாளன்று ஓர் எருமை செத்தது. எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல். அண்ணனும் நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சர், இங்க செத்த மாடு ஒண்ணு பரீட்சை எழுதுதுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார். பரீட்சையை எழுதிமுடித்து வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

அதனால்தான் உங்கப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கோயமுத்தூரில் குதிரை வண்டி ஓட்டுகிறவர். முதலில் வாடகை வண்டி, அப்புறம் சொந்த வண்டி, சொந்தக் குதிரை. எங்கள் ஊரில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் போனால்கூட பண்ணையக்காரர் வீட்டைத் தாண்டும்வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்படி இருக்க, என் வாசலில் ஒரு குதிரை நின்றது. செல்லியை வாங்கின வருஷம் உங்கள் தாத்தா ரயிலில் வந்து இறங்கினார். ஸ்டேஷனில் இருந்து உங்கப்பா அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிழவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ கோயிலுக்குள் வருவதுபோல உட்கார்ந்துகொண்டு வந்தார். "நான் குதிரை வெச்சிருக்கற ஊட்டுக்காரி" என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்புத்தான் பிற்பாடு எல்லாவற்றையும் செய்தது.

அப்பாஸ் பாய் உக்கடத்தில் நமக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். உனக்குப் பரீட்சை வந்தால் படிக்கிற பிள்ளைக்கு என்று ஆட்டு ஈரலை இலையில் கட்டிக் கொடுத்தனுப்புவார். வாசலில் நின்று செல்லியின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "ஏனுங்கக்கா, இந்த ஊட்லயே பொறுமைசாலி இவ ஒருத்திதானுங்க" என்பார். "உம்பட கத்தியத் தூரமா வெச்சுட்டு வந்து தொடு பாய்" என்று நான் சொல்வேன். "இதுக்கும் எங்கத்திக்கும் சம்பந்தமே இல்லீங்கக்கா. குதிரை எங்களுக்குத் திங்கற சாதி இல்லீங்க. பெரியவங்க வேண்டாம்னு வெச்சது" என்பார். இதைப் பத்துத் தடவையாவது என் காதில் கேட்டிருக்கிறேன். தேவைப்பட்ட நாளில் அது என் நினைவுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

நீ காலேஜில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஆட்டோக்கள் வந்து சவாரி குறைந்திருந்தது. ஐப்பசி மழையில் மார்க்கெட் முக்கில் செல்லி சாக்கடை மூடியில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். முன்னங்கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. வண்டி ஸ்டாண்டுக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நம் கட்டுத்தரையில் இறக்கினார்கள். மறுநாள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷர். முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த எலும்பு ஒட்டாதுங்கம்மா. குதிரைக்கு இந்த எடத்துல ஒடஞ்சா நிக்காது. ஊசி போட்டு அனுப்பிடறது புண்ணியம். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

நான் கேட்டேன், "மாட்டுக்கு இப்படி ஆனா என்னுங்க பண்ணுவீங்க?" என்று. அவர் சொன்னார்: "மாடுன்னா வயசப் பாத்து, வேலைக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுத்தா அறுப்புக்கூடத்துக்குப் போகும். குதிரைக்கு அந்தப் பட்டியல்ல எடம் இல்லீங்க. கறிக்குன்னு நாங்க முத்திரை வெக்க முடியாது. நோவு தீரறதுக்கு மட்டும்தான் செய்யலாம்." இதில் முன்பாதிதான் என் காதில் விழுந்தது. குதிரை பட்டியலில் இல்லை. அது கத்திக்குப் பிறந்தது இல்லை. செத்த மாட்டை இழுத்த கையால் நான் வளர்த்தது, மாட்டைப்போலச் சாகாது. உங்கப்பா கையெழுத்துப் போட எழுந்தார். அவர் கையில் இருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டேன். "எம்பட வாசல்ல அது தானா கண்ண மூடட்டும். எவனும் கை வெக்கக்கூடாது" என்றேன். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்பது நாள், கண்ணு. உத்தரத்தில் கோணிச்சாக்கைக் கட்டி அவளைப் பாதி தூக்கி நிறுத்தியிருந்தோம். சாக்கு உரசின இடமெல்லாம் புண்ணாயிற்று. புண்ணில் ஈ மொய்த்தது, நாலாம் நாள் புழு வைத்தது. வேப்பெண்ணெய் ஊற்றினேன், மஞ்சள் வைத்தேன், கொள்ளை வேகவைத்து உருட்டி வாயில் ஊட்டினேன். அவள் தின்னவில்லை. பல்லைக் கடிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தன் விலாவைத் தானே கடித்துக்கொண்டாள். தெருவில் இருந்த பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். "மகராசி, பெத்த தாய்கூட இப்பிடிப் பாக்கமாட்டா" என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்த ஒன்பது நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது செல்லியை இல்லை, அவளைப் பார்த்துக்கொள்கிற என்னை. உங்கப்பா வீட்டில் இருக்கமாட்டாமல் காலையில் போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொள்வார். இருட்டுக் கட்டினால்தான் வருவார்.

ஒன்பதாம் நாள் உன் அக்காவுக்கு வலி கண்டுவிட்டது என்று வெள்ளகோவிலில் இருந்து ஆள் வந்தது. போட்டது போட்டபடி கிளம்பினேன். பிள்ளை பிறந்து, அஞ்சு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். கட்டுத்தரை சாணி போட்டு மெழுகியிருந்தது. சாக்கு இல்லை, செல்லி இல்லை. உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நான் இல்லாதப்ப ஆரோ வண்டில தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். எழுந்து நிற்க முடியாத குதிரையை எவன் திருடுவான் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரசுதான் அப்பாஸ் பாய் வீட்டு வாசலில் கட்டை வண்டி நின்றதைப் பார்த்தேன் என்றாள். ரெண்டே நாளில் அது ஊர்ப்பேச்சு ஆயிற்று. "பரோட்டாக் கடை சால்னாவக் குடிச்சா கனைக்குதப்பா" என்று ஸ்டாண்டில் சிரித்தார்களாம். ஒருத்தன் உங்கப்பாவைப் பார்த்துக் குதிரைமாதிரியே கனைத்துக் காட்டினானாம். எனக்குப் பழைய எருமையின் வாடை திரும்பி மூக்கில் ஏறியது. முப்பது வருஷம் தள்ளி ஓடிவந்தும் நம் வீட்டுப் பிராணி எவன் தட்டிலோ கறியாகக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

நீ அந்த வாரம் லீவில் வந்தாய். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உன்னைத்தான் மனு எழுதச் சொன்னேன். நீ முத்து முத்தாக எழுதினாய். அடுத்தவருடைய யானை, ஒட்டகம், குதிரை, மாட்டைக் கொன்றால் அஞ்சு வருஷம்வரைக்கும் உள்ளே போடலாம் என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்து நம்பரோடு எழுதினாய். படித்துக் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் மகன் பேனாவால் அடிக்கிறான் என்று இருந்தது. மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நாம் ரெண்டு பேருமே பார்த்ததைப் புரிந்துகொள்ளவில்லை.

அப்பாஸ் பாயைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர் மறுக்கவே இல்லை. "குதிரைய அறுத்தது நாந்தானுங்க. கறிக்கு இல்லீங்க. குளத்துக்கு அக்கட்டாலப் புறம்போக்குல புதைச்சுப்போட்டேனுங்க" என்றார். "யாரு சொல்லி அறுத்தே?" என்று கேட்டார்கள். அவர் திரும்பி உங்கப்பாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உங்கப்பா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஆரும் சொல்லலீங்க" என்றார். உங்கப்பா குதிரை போன துக்கத்தில் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். "பாத்தீங்களா, அவன் மூஞ்சியப் பாருங்க, எதையும் திங்கற கூட்டம்" என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லை நீ மறந்திருப்பாய் என்று நம்புகிறேன். சொன்ன நான் மறக்கவில்லை. புதைத்த இடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். மழையில் குளம் ஏறி அந்த இடம் முழுக்கத் தண்ணீராகக் கிடந்தது. யாரும் நம்பவில்லை. தானே ஒப்புக்கொண்டதால் மூன்று மாதம் உள்ளே போட்டார்கள்.

அதுவும் எனக்குப் போதவில்லை. ஆனைமலைக்குப் போனேன். நியாயம் கேட்கிறவர்கள் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள் என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் போனதை நீயும் உங்கப்பாவும் அறியமாட்டீர்கள். ஆட்டுக்கல்லில் பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த பொம்பளை, "என்னம்மா களவு போச்சு, நகையா?" என்று கேட்டாள். குதிரை என்றேன். சிரித்துப்போட்டாள். "நல்லா அரைங்க, அப்பத்தான் குதிரைக்கு உறைக்கும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. கை எரிய எரிய அரைத்தேன். செல்லியைக் கொன்ற கை எரியட்டும், அதற்குத் துணைபோன வயிறு எரியட்டும் என்று சொல்லிப் பூசிவிட்டு வந்தேன்.

அவர் வெளியே வந்தபோது கடை இல்லை. குதிரை பாய் என்று பேர் விழுந்துவிட்டது. அவர் சாதியாட்களே அவரிடம் கறி வாங்கப் பயந்தார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்றைக்குக் குழாயடியில் என் எதிரே வந்து நின்றார். "அக்கா, அது கஷ்டப்படலீங்க. அத மட்டும் தெரிஞ்சுக்குங்க" என்றார். நான் பிடித்திருந்த குடத்துத் தண்ணீரை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு, குடத்தைக் கழுவி வேறு தண்ணீர் பிடித்தேன். எங்களுக்கு ஊரார் செய்ததை நான் அவருக்குச் செய்தேன், கண்ணு. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாகச் செய்தது.

அடுத்த சித்திரையில் குளம் வற்றியது. வண்டல் அள்ளப் போன பொம்பளைகள் ஓடிவந்து, "அக்கா, குதிரை எலும்பு கிடக்குது வந்து பாருங்க" என்றார்கள். போனேன். நீ படித்த படிப்பில் குதிரைக்கு எத்தனை எலும்பு என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆனால் விலா எலும்பு வரிசை கலையாமல் இருந்தது. தொடை தொடையோடு, கால் காலோடு இருந்தது. முறிந்த கால் முறிந்த இடத்திலேயே இருந்தது. லாடம்கூடக் கழற்றப்படவில்லை. ஒரு துண்டுக் கறிக்குக்கூட யாரும் அவளைக் கூறுபோடவில்லை. மண்டையைச் சுற்றி, கண்ணை மறைத்து ஒரு துணி கட்டியிருந்தது. நைலக்ஸ் என்பதால் மக்கவில்லை. மண்ணைத் தட்டிப் பார்த்தேன். பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. என் சீலை. நான் ஊரில் இல்லாதபோது பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவனிடம் போட்டுவிட்டதாக உங்கப்பா சொன்ன சீலை.

அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அவர் முன்னால் வைத்தேன். "ஏனுங்க, இது எம்பட சீலைதானுங்களே" என்றேன். அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "டாக்டரத் தேடிப் போனேன் புள்ள. கேம்ப் போயிட்டாரு, வெள்ளிக்கிழமைதான் வருவாருன்னாங்க. வெள்ளிவரைக்கும் அது பல்லக் கடிக்கறத என்னால கேக்க முடியல. பாய்கிட்ட அழுதேன். மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு. குதிரைய அறுக்கறது தனக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாதுன்னாரு. நான் கால்ல விழுந்தேன். உம்பட சீலை ஒண்ணு குடுன்னு கேட்டாரு. ஊட்டு வாசம் மூக்குல இருந்தா அது பயப்படாதுன்னாரு." பிறகு, "ஆரு கேட்டாலும் எம்பேரச் சொல்லமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாரு. சொல்றதா இருந்தா நீயே சொல்லிக்கன்னாரு. நான் சொல்லல" என்றார்.

என் பிழை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை ஏழு வருஷம் முன்னாலேயே எழுதியிருப்பேன். உங்கப்பா அன்றைக்கே எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். வாசலை மறித்துக்கொண்டு நின்றவள் நான். "பையன் எழுதின மனு பொய்யாப் போயிரும். அவன் படிப்பு நடக்கற நேரம். கம்முனு உக்காருங்க" என்றேன். உன் படிப்பைச் சொன்னேனே தவிர, உள்ளே இருந்தது வேறு. மகராசி என்று சொன்ன தெருவில் நான் எப்படி நடப்பது என்பதுதான் இருந்தது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அந்த மனுஷர் ஒருமுறை என்னை ஏமாற்றினார், அது செல்லிக்காக. வாழ்நாள் முழுக்க எனக்குக் கட்டுப்பட்டார், அது பயத்தால். கடைசி வருஷம் அவருக்கு வயிற்றில் புண். மோர் சோறு தவிர எது இறங்கினாலும் எரியுது எரியுது என்று துடித்தார். ஆனைமலையில் நான் சொல்லிப் பூசின வார்த்தை எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர்கள் வேறு காரணம் சொன்னார்கள், அதுவே சரியாக இருக்கலாம். ஒரு நாள், "பாய் சத்தியமங்கலத்துல இருக்காராமா. ஒருக்கா கூட்டிட்டுப் போறியா" என்று கேட்டார். பஸ் குலுங்கும், வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். திரும்ப அவர் கேட்கவில்லை. அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நீ எழுதியதைப் படித்தபோது, அவர் ஆணியில் சட்டையை மாட்டியது கண்ணில் வந்து நின்றது.

இப்போது நீ முத்திரை வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். எது கறிக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று உன் கை சொல்கிறது. சந்தையில் விலைபோகாத நொண்டிக் குதிரைகளை லாரியில் திணித்துக் கறிக்குக் கொண்டுபோகிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். பிடி. குதிரையைக் கறிக்கு அறுக்கக்கூடாது என்று சட்டம் சொன்னால் நீ அந்தப் பக்கம் நில். நான் அதற்குக் குறுக்கே வரவில்லை. ஆனால் பிடித்த பிறகு அந்தக் குதிரைகளை என்ன செய்வாய் என்பதையும் யோசி. அறுக்கக்கூடாது என்று சொல்வது சுலபம், கண்ணு. நானும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒன்பது நாள் அழுகவிட்டேன். ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டே குதிரை உசத்தி என்று நினைத்தேன். அந்த உசத்தி செல்லிக்கு ஒன்றும் தரவில்லை. ஆட்டுக்குக் கிடைக்கிற ஒரு நிமிஷச் சாவைக்கூட அவளுக்குக் கிடைக்காமல் செய்தது. பட்டியலில் பேர் இல்லாத பிராணிக்கும் எலும்பு முறியும், நோவு இருக்கும். கையெழுத்துப் போடும்போதும் போட மறுக்கும்போதும் எதிரே நிற்கிற பிராணியின் கண்ணைப் பார். அதன் சொந்தக்காரருடைய பெருமையைப் பார்க்காதே. உன் பெருமையையும் பார்க்காதே. என் பிள்ளை நீ, அது உனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்த மனுவுக்காக உன்மேல் எனக்குக் குறையில்லை. நான் சொன்னதை நீ எழுதினாய். ஆனால் படித்தவன் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நிற்க முடியாத குதிரையை யாரம்மா திருடுவார் என்று ஒரே ஒரு கேள்வி. இனிமேல் உன் மேசைக்கு வருகிற தாள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு.

இத்தோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்து அஞ்சாவது தடவை சரியாக வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் நீ திருத்தாதே, அப்படியே கோப்பில் சேர்த்துவிடு. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: செல்லி என்ற குதிரையை அப்பாஸ் பாய் அறுத்தது என் வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டதால். கறிக்கு அல்ல. முழுசாகப் புதைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஊசி போடக் கொடுத்த தாளை எரித்தவள் நான். என் பேரில் போன மனு பொய். கீழே என் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. இது உன் மேலதிகாரி வரைக்கும் போகட்டும். ஊருக்குத் தெரியட்டும். சரசுவுக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன். ஆனைமலைக்குத் தனியாகப் போய் அம்மனிடமும் சொல்லிவிட்டு வருவேன். சொன்னால் அந்த எரிச்சல் எங்கே திரும்பும் என்று தெரியும். திரும்பட்டும்.

மஞ்சள் பையில் அந்தச் சீலை இருக்கிறது. துவைத்து மடித்து இத்தனை வருஷமும் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் அவரை ஆபீசுக்கு வரச்சொல்லாதே. நீ அவர் கடைக்குப் போ. அவருக்குப் படிக்க வராது, அதனால் அந்தத் தாளை நீதான் படித்துக் காட்ட வேண்டும். உட்கார்ந்துகொண்டு படிக்காதே, நின்றுகொண்டு படி. நாற்காலி போட்டாலும் உட்காராதே. முடித்துவிட்டுச் சீலையை அவர் கையில் கொடு. பிறகு உரிமத்தில் உன் கை என்ன எழுத வேண்டுமோ எழுதட்டும்.

அம்மாவை மன்னிக்கச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அந்த மனுஷர் குடுத்துப்போடுவார்.

உன் அம்மா